குத்துதா, கடுக்குதா, உளையுதா?

வலியோடு இருக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. "எனக்கும் அப்படித்தான்" என்று உங்களிடம் முதலில் சொன்ன ஆள் யார்? எங்கே சந்தித்தீர்கள்? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருஷமாக வலி. ஒரு விரலை வைத்து "இங்கே" என்று காட்ட முடிந்தால் எவ்வளவோ நிம்மதி. எனக்கோ இன்று பிடரி, நாளை குறுக்கு, மறுநாள் தொடை என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டு வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் அழுகை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் "மேலுக்கு முடியல" என்றால் டிவி சத்தம் கூடும்.

கடைசியில் திருநெல்வேலியில் ஒரு டாக்டர்தான் பெயர் சொன்னார்: ஃபைப்ரோமயால்ஜியா. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. இந்த வகையில் உடம்பில் காயம் எதுவும் தெரியாது, நரம்பு மண்டலம் வலியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடும் என்றார். (இங்கேயும் டிவிதான்!) முன்பெல்லாம் 18 இடங்களில் அழுத்திப் பார்த்து, 11 இடத்திலாவது வலித்தால்தான் இந்தப் பெயர் வைப்பார்களாம். 2010-ல் வந்த புது முறையில் அந்த எண்ணிக்கை தேவையில்லை. நல்ல மனுஷர். ஆனால் அவரும் 0 முதல் 10 வரை எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டார். 7 என்றேன். 7 என்றால் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. கணக்கு எழுதுகிறவள் பொய்க் கணக்கு எழுதிய மாதிரி இருந்தது.

திரும்பும்போது செங்கோட்டை பாசஞ்சர். இடம் காலியாகத்தான் இருந்தது. பேட்டை தாண்டியும் நான் நின்றுகொண்டே வந்தேன். எதிரே இருந்த அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உக்காந்தா எந்திரிக்க முடியாதோ?" என்றார். தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் கேட்டார்: "குத்துதா, கடுக்குதா, உளையுதா?"

ஆறு வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பகலில் கடுக்கும், ராத்திரி உளையும் என்றேன். குத்துவது மழை நாளில் மட்டும். அவர் முப்பது வருஷமாகக் கடையம் பக்கம் பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டு, நாள் முழுக்கக் குனிந்த கழுத்து. "எனக்கும் உளையும்மா. விடிகாலம் பிடரியத் திருப்ப முடியாது" என்றார். சேரன்மகாதேவி வந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். எதற்கென்று இப்போது ஞாபகமில்லை.

அவர் சொல்லித் தந்த ஒரு வித்தை இன்றும் உதவுகிறது. 25 பீடி ஒரு கட்டு. இரண்டு கட்டு முடிந்தால் எழுந்து வாசல் வரை நடந்துவிட்டு வர வேண்டும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். "நல்லாருக்கிற அன்னைக்குத்தான் கவனமா இருக்கணும். நாலு கட்டு சேத்துச் சுத்திருவோம், மறுநாள் படுத்துருவோம்." இதையே பிசியோதெரபியில் பேசிங் (pacing) என்று சொல்வார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் லெட்ஜரில் பக்கக் கணக்கு வைத்திருக்கிறேன்: இரண்டு பக்கம், ஒரு நடை.

மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த அக்கா வீட்டுத் திண்ணைக்குப் போகிறேன். ஆறு பேர் உட்கார்ந்து சுற்றுவார்கள். இதுவரை ஒருவரும் என்னிடம் ரிப்போர்ட் கேட்டதில்லை.

---

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பழைய லாரி டிரைவர்:

2006-ல் சிக்குன்குனியா பரவியபோது எனக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, விரல் வலி போகவில்லை. 'வளைந்துபோவது' என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தமாம், ஆப்பிரிக்காவில் மகோண்டே என்ற மொழியில். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். காலையில் என் விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே வளைந்து நிற்கும்.

சீசனுக்குக் குற்றாலம் போவேன். ஐந்தருவியில் நிற்கிற வரை வலி மறக்கும். துண்டைப் பிழியும்போது ஞாபகம் வந்துவிடும். ஒருமுறை அங்கே டீக்கடையில் ஒருவர் இரண்டு உள்ளங்கையாலும் கிளாஸை அணைத்துப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். அப்படிப் பிடிக்கிற ஆளை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தானே பிடிக்கிறேன்! "அண்ணாச்சி, உங்களுக்கும் விரலா?" என்றேன். அவ்வளவுதான், பழக்கமாகிவிட்டது. தினமும் காலை ஆறு மணிக்குப் போன் வரும். "கை மடங்குச்சா?" என்பார். "பாதி" என்பேன். வைத்துவிடுவார்.

மெடிக்கலில் வலி மாத்திரையை நானாக வாங்கித் தின்றுகொண்டிருந்ததை நிறுத்தியதும் அவர்தான். ரத்தம் பார்க்கச் சொன்னார்; கிரியேட்டினின் ஏறியிருந்தது, சிறுநீரகம் தடுமாறினால் ரத்தத்தில் கூடுகிற கழிவு அது. வருஷக்கணக்கில் தின்றால் சிறுநீரகத்தையும் குடலையும் அரிக்கிற மாத்திரை அது, எனக்கு யாரும் சொல்லவில்லை. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார் என்பதும் அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும்.

---

திருநெல்வேலி டவுன், வயது 27:

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சுவர் மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து வலிக்கிற நோய். "கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்பதைக் கேட்டே பாதி வயது போய்விட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை இருக்கிறது, இது அதில் இல்லை. ஆக, வேலை செய்யும் இடத்தில் லீவு கேட்கும்போதெல்லாம் புதிதாக ஒரு காய்ச்சலைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மேலே எழுதியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் எண்ணெய் விற்றார்கள், மீதிப் பேர் "உனக்கு இவ்வளவுதானா" என்றார்கள். வலியைக் கேட்டுக் கேட்டு எனக்கு வலி கூடியதுதான் மிச்சம். வெளியே வந்துவிட்டேன்.

---

அம்பாசமுத்திரத்திலிருந்து மறுபடியும்:

டவுன் தங்கச்சிக்கு. நீ சொல்வது நடக்கிறதுதான். எங்கள் திண்ணையிலும் ஒரு காலத்தில் ஒப்பாரிதானாம். அதனால் அந்த அக்கா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ராத்திரி நனைத்து வைத்த இலையைக் காலையில் வெட்டுவார்கள் இல்லையா, வெட்டி முடிக்கிற வரைக்கும்தான் வலிப் பேச்சு. தூளை வைத்துச் சுற்ற ஆரம்பித்தால் வேறு கதைதான். போன தடவை முழுக்க, பக்கத்து வீட்டு ஆடு யாருடைய புடவையைத் தின்றது என்ற வழக்கு. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

ஒரு ஞாயிறு வாயேன். டவுன் ஸ்டேஷனிலேயே ஏறலாம், நான் அம்பையில் ஏறிக்கொள்கிறேன். கீழக்கடையத்தில் இறங்க வேண்டும். உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன். உட்கார வேண்டும் என்றில்லை, நின்றுகொண்டே வந்தாலும் சரி.