என் கனவுக் கிற்றார்: ஒரு புதுப்பிப்பு
முன்பு நான் எழுதிய கனவுக் கிற்றாருக்கு ஸ்புரூஸ் மர மேற்பலகை, ட்ரெட்நோட் எனப்படும் இடை அகன்ற பெரிய உடல், கம்பியின் அதிரும் பகுதிக்கு 25.4 அங்குல நீளம் ஆகியவற்றைக் கேட்டிருந்தேன். மேற்பலகையில் மாற்றமில்லை, ஆனால் மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு மாலை முழுவதும் நண்பரின் ட்ரெட்நோட்டை மடியில் வைத்து வாசித்ததில் வலத் தோள் மரத்துப்போனதால், இடை ஒடுங்கிய சிறிய உடலுக்கே இறங்கிவருகிறேன். முதுகுக்கும் பக்கங்களுக்கும் ரோஸ்வுட்டை விட்டு, வீணை செய்யும் பலா மரத்தை விரும்புகிறேன் (ஆசைதான், ஆய்வல்ல).

முன்பு நான் மறந்தது ஈரப்பதம். 45 முதல் 55 வீதக் காற்று ஈரப்பதத்தில் நலமாக இருக்கும் மரம், மட்டக்களப்பின் வாவிக் காற்றில் ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது, மேற்பலகை மேலெழும்பிக் கம்பிகளையும் உயர்த்திவிடுகிறது. கழுத்தினுள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகினால் கழுத்தின் வளைவு மட்டுமே திருந்தும் என்பதால், கம்பிகளின் உயரத்தைக் குறைக்க, மேற்பலகையின் மீது அவை படியும் எலும்புத் துண்டு எளிதில் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கூடவே, துருவைத் தாமதிக்கும் பூச்சிட்ட கம்பிகளும் வேண்டும்.