பல்கலைக்கழகத்தில் இனவெறி: 'பேச்சுரிமை' என்று சொல்லிக் கைகழுவ முடியுமா?

மேலூர் பாண்டி:

வணக்கம். நாங்கள் ஒஹாயோவில் இருக்கிறோம். மகள் பக்கத்து மாநிலத்தில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பெயர் வேண்டாம். விடுதியில் ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு சின்ன வெள்ளைப் பலகை மாட்டியிருப்பார்கள், தோழிகள் வந்து போனால் ஏதாவது எழுதிவைக்க. செப்டம்பரில் அவள் பலகையில் யாரோ கறி நாற்றம் தாங்கவில்லை என்று எழுதினார்கள். சிரித்துக்கொண்டே அழித்துவிட்டாளாம். அடுத்து, உன் நாட்டுக்கே போ என்று. பிள்ளை பிறந்ததே கொலம்பஸில். அப்புறம் ஒரு குரங்குப் படம், கீழே அவள் பெயர். இப்போது ராத்திரி நூலகத்தில் இருந்து படிப்பதை விட்டுவிட்டாள். அந்த நடையில் தனியாக வர மனசு வரவில்லை என்கிறாள்.

இதே சமயத்தில் நூலகத்துக்கு எதிரே புல்வெளியில் ஒரு மாணவர் கூட்டம், வந்தேறிகளைத் திருப்பி அனுப்பு என்று அட்டை பிடித்துக் கத்தியது. இரண்டையும் சேர்த்துப் புகார் கொடுத்தாள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கடிதம் வந்தது. அரசும் அரசு நிறுவனங்களும் பேச்சுரிமையில் கைவைக்கக் கூடாது என்கிற அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பாதுகாக்கும் பேச்சு இது, வருந்துகிறோம், மனநல ஆலோசகரின் எண் இதோ. அவ்வளவுதான்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவரிடம் இப்படிப் பேசினால் மறுநாளே சீட்டுக் கிழிந்துவிடும். இத்தனை ஆயிரம் டாலர் வாங்கும் பல்கலைக்கழகம், இனவெறியாகப் பேசினால் வெளியே போ என்று ஒரு விதி போட முடியாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரகு (மாணவர் ஒழுங்கு அலுவலகம்):

அண்ணே, நான் வேறொரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை, ஆனால் பிழைப்பே இதோடுதான்.

நீங்கள் கேட்கும் விதியைப் போட்டே பார்த்துவிட்டார்கள். 1987இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிலைமை மோசம். கறுப்பினத்தவரை வேட்டையாடலாம் என்று துண்டுப் பிரசுரம், மாணவர் வானொலியில் இனவெறி நகைச்சுவை, ஒரு விடுதி சன்னலில் கூ க்ளக்ஸ் கிளான் என்கிற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் உடுப்பு. மாணவர்கள் கொதித்துப் போனார்கள். 1988இல் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. இனம், பால், மதம் முதலியவற்றை வைத்து ஒருவரை இழிவுபடுத்தும் பேச்சுக்குத் தண்டனை, நீக்கம் வரைக்கும். வகுப்பறை, நூலகம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பல் மருத்துவ மாணவர் ஒருவர் ஒரு பாடத்தின் தொடக்கக் கூட்டத்தில், இந்தப் பாடத்தில் சிறுபான்மை மாணவர்கள் கஷ்டப்படுகிறார்கள், அவர்களைச் சரியாக நடத்துவதில்லை என்று கேள்விப்பட்டேன் என்றார். சொன்னது சிறுபான்மையினருக்கு ஆதரவான பேச்சு மாதிரிதான் எனக்குப் படுகிறது. ஆனால் அந்தப் பாடத்தை நடத்தியவரே ஒரு சிறுபான்மைப் பேராசிரியை. தன் பெயர் கெடுகிறது என்று புகார் கொடுத்தார். மாணவர் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம், மனித உயிரியலும் உளவியலும் சேர்ந்த துறையில் ஆராய்ச்சி செய்த ஒருவர், பாலின, இன வேறுபாடு பற்றிய கோட்பாடுகளை வகுப்பில் எடுத்தாலே மாட்டிக்கொள்வேனோ என்று பயந்து, பெயர் வெளியிடாமல் வழக்குப் போட்டார். எது குற்றம், எது இல்லை என்று வழக்கறிஞர்களாலேயே நீதிமன்றத்தில் கோடு போட்டுக் காட்ட முடியவில்லை. 1989இல் நீதிபதி ஏவர்ன் கோன், பேச்சுரிமைக்கு விரோதம் என்று விதியை ரத்து செய்தார். 1991இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக விதிக்கும் அதே கதி.

ஆனால் உங்கள் மகளுக்கு வந்த கடிதம் சோம்பேறித்தனம். புல்வெளியில் அட்டை பிடித்தவர்களை ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது என்பது என் கட்சி. கதவு விஷயம் முற்றிலும் வேறு. ஒரே ஆளைக் குறிவைத்து, அவள் தூங்கும் அறை வாசலில், திரும்பத் திரும்ப. இதைத் துன்புறுத்தலாகப் பார்த்து விசாரித்திருக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனத்துக்கும் அந்தக் கடமையை வைத்திருக்கிறது. பேச்சுரிமை அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

சாந்தி, ஹூஸ்டன்:

ரகு சார் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு ஒப்பவில்லை. சுதந்திரத்தின் விலையை எப்போதும் ஒரே பக்கத்துப் பிள்ளைகள்தான் கட்ட வேண்டுமா? 2015இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் சங்கத்தார் பேருந்தில் போகும்போது, கறுப்பினத்தவரைச் சேர்க்க மாட்டோம், மரத்தில் தொங்கவிடலாம் என்று பாடிய வீடியோ வெளிவந்தது. பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன், நீதிமன்றம் என்ன சொல்லுமோ என்று உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு பேரைச் சில நாளிலேயே வெளியேற்றினார். அதுவும் அரசுப் பல்கலைக்கழகம்தான்! துணிச்சல் இருந்தால் நடக்கும்.

ரகு:

சாந்தி அக்கா, அந்தப் பையன்கள் வழக்குப் போடவில்லை, அதனால் நின்றது. போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று அப்போதே சட்டப் பேராசிரியர்கள் பலர் எழுதினார்கள். போரனை எனக்கும் பிடிக்கும். ஆனால் நாளைக்கு அந்த நாற்காலியில் யார் உட்காருவார் என்று நமக்குத் தெரியாதே. மிச்சிகன் விதியின் கீழ் கறுப்பின மாணவர்கள் மீதே புகார்கள் வந்தன. அதிகாரம் ஒரு கைக்கு மட்டும் விசுவாசமாக இருப்பதில்லை.

லண்டன் கண்ணன்:

இங்கே இங்கிலாந்தில் கணக்கு வேறு. 2018இல் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக விடுதியில் ஒரு கறுப்பின மாணவி உள்ளே பூட்டிக்கொண்டிருக்க, கதவுக்கு வெளியே சிலர் நின்று இனவெறிக் கூச்சல் போட்டார்கள். அவர் பதிவுசெய்து வெளியிட்டதும் பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தது, போலீஸ் இருவரைக் கைது செய்தது. பொது ஒழுங்குச் சட்டம் இருப்பதால் போலீசுக்கே வழி உண்டு. அதற்காக இங்கே சண்டை ஓய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2023இல் பல்கலைக்கழகப் பேச்சுரிமைக்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றினார்கள், அதையும் நடுவில் நிறுத்தி வைத்து இழுத்தார்கள்.

பெயர் வேண்டாம், கலிபோர்னியா:

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய மாணவர் வாட்ஸாப் குழுக்களில் என்ன ஊர், என்ன ஆளுங்க என்று நோண்டுவதும், இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று கிண்டலடிப்பதும் எனக்குப் புதிதில்லை. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் சாதியைப் பாகுபாட்டுக்கு எதிரான கொள்கையில் சேர்த்தபோது, எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பாண்டி மகளின் கதவில் யாரோ எழுதினால் இனவெறி, நாம் குழுவில் எழுதினால் தமாஷா?

மேலூர் பாண்டி:

கலிபோர்னியா நண்பர் கேட்டது சுருக்கென்று இருந்தாலும் நியாயம். மறுக்கவில்லை.

ரகு தம்பி, புல்வெளிக்காரர்களை விட்டுவிடு என்பது இன்னும் என் தொண்டையில் இறங்கவில்லை. அது இருக்கட்டும். கதவு விஷயத்தில் இப்போது நாங்கள் செய்யக்கூடியது என்ன? முதல் தடவை எழுதியிருந்ததை அவள் படம் எடுக்கவில்லை. மற்ற இரண்டும் போனில் இருக்கின்றன.

ரகு:

இரண்டு படம் போதும் அண்ணே, முதலாவதை யார் பார்த்தார்கள் என்று தோழிகளிடம் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி முக்கியம். அப்புறம் புகாரைப் பிரித்து மறுபடி கொடுக்கச் சொல்லுங்கள். புல்வெளியைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். இரண்டையும் கலந்து கொடுத்ததால்தான் அவர்களுக்கு ஒரே கடிதத்தில் கைகழுவ வசதியாகப் போயிற்று. விடுதி ஒப்பந்தத்தில் அடுத்தவர் கதவு, பலகை, சுவர்களில் கிறுக்குவது பற்றித் தனி விதி இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அதைத் தண்டிக்க யார் கருத்தையும் ஆராய வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் கேமரா இருந்தால் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும்.

நூலகத்துக்குப் போவதை விட்டது, தூக்கம் கெட்டது, மதிப்பெண் குறைந்திருந்தால் அது, எல்லாவற்றையும் எழுதட்டும். படிப்பு பாதிக்கப்பட்டதா என்பதுதான் ஆறாம் பிரிவுப் புகாரில் எடுபடும். அப்படியும் அசையவில்லை என்றால் மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து 180 நாள்தான் கெடு, செப்டம்பரிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். பழிவாங்கினால் அதுவும் தனிக் குற்றம் என்று மகளிடம் சொல்லுங்கள், அவள் பயப்பட வேண்டாம்.