லண்டன் பயணம்: டிராவல்கார்டா, ஆய்ஸ்டரா, வங்கிக் கார்டே போதுமா?

மழைநேசி:
வணக்கம். அம்மா, அப்பா, கணவர், பிள்ளைகள் இருவரோடு (8 வயது, 12 வயது) லண்டன் வருகிறோம். புதன் காலை ஹீத்ரோவில் இறங்கி அடுத்த செவ்வாய் இரவு திரும்புகிறோம். தங்குவது ஈஸ்ட் ஹாமில் சித்தி வீட்டில். ஒருவர் டிராவல்கார்டு (குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறையும் பயணிக்கும் பாஸ்) வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் விசிட்டர் ஆய்ஸ்டரை (ஆய்ஸ்டர் என்னும் முன்பணப் பயணக் கார்டின் சுற்றுலாப் பயணிகளுக்கான வகை) ஊரிலிருந்தே வரவழைக்கச் சொல்கிறார், மூன்றாமவரோ எதுவும் வேண்டாம், வங்கிக் கார்டைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் என்கிறார். அப்பா அம்மா 60 தாண்டியவர்கள், சலுகை ஏதும் கிடைக்குமா? எதை எங்கே வாங்குவது என்று தெளிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கிழக்குலண்டன்வாசி:
நீங்கள் புதன்கிழமை வந்து இறங்குவதுதான் இதில் முக்கியம். வங்கிக் கார்டோ ஆய்ஸ்டரோ, தட்டித் தட்டிப் போகும்போது ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்று ஓர் உச்சவரம்பு உண்டு, வாரத்துக்கும் ஒன்று உண்டு. ஆனால் அந்த வாரம் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வார வரம்பு ஏறக்குறைய ஐந்து நாள் வரம்புக்குச் சமம் என்பதால், தினமும் நன்றாகச் சுற்றினால் ஞாயிறன்று அதை எட்டுவீர்கள், திங்களன்று கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 7 நாள் டிராவல்கார்டோ எந்தக் கிழமையும் தொடங்கலாம். புதன் தொடங்கி செவ்வாய் வரை உங்களுக்குச் சரியாகப் பொருந்தும், விலையும் கிட்டத்தட்ட அந்த வார வரம்புதான்.

அதனால் தினமும் ஊர் சுற்றப்போகும் உங்களுக்கும் கணவருக்கும் ஆய்ஸ்டரில் ஏற்றும் 1-3 மண்டல டிராவல்கார்டு எடுங்கள் (மண்டலம் என்பது நகர மையத்திலிருந்து வெளிப்பக்கமாக எண்ணப்படும் கட்டணப் பகுதி). ஈஸ்ட் ஹாம் 3, 4 மண்டலங்களின் எல்லையில் இருக்கிறது, அதனால் 3 வரை எடுத்தாலே போதும். ஹீத்ரோ 6ஆம் மண்டலம், அந்த மிச்ச தூரத்துக்கு ஆய்ஸ்டரில் கொஞ்சம் பணமும் போட்டு வையுங்கள். விசிட்டர் ஆய்ஸ்டரில் டிராவல்கார்டு ஏற்ற முடியாது, ஹீத்ரோ டியூப் (சுரங்க ரயில்) நிலைய இயந்திரத்தில் சாதாரண ஆய்ஸ்டரே வாங்குங்கள். கார்டுக்கென்று தனியாக வாங்கும் தொகை திரும்ப வராது, அதையும் கணக்கில் சேருங்கள்.

அப்பா அம்மா தினமும் வெளியே கிளம்புவார்களா? பாதி நாள் வீட்டில்தான் என்றால் அவர்களுக்கு டிராவல்கார்டு வீண், தட்டிப் போவதே மேல். 60 தாண்டியவர்களுக்கான சலுகைக் கார்டு லண்டனில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான்.

தண்டவாளம்:
பிள்ளைகள் விஷயம் விட்டுப்போச்சு. 8 வயதுக் குழந்தைக்கு எதுவும் வாங்க வேண்டாம், டியூபில் பெரியவர் கூட வந்தால் இலவசம், பஸ்ஸிலும் இலவசம். 12 வயதுக்காரருக்கு ஓர் ஆய்ஸ்டர் வாங்கி, அங்கேயே ஊழியரிடம் கொடுத்து 'யங் விசிட்டர்' சலுகையைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். 14 நாளைக்குப் பாதிக் கட்டணம். இதைக் கேட்டுப் போட்டால்தான் உண்டு, இயந்திரம் தானாகத் தராது. வங்கிக் கார்டைத் தட்டினால் பிள்ளைக்கும் பெரியவர் கட்டணம்தான் போகும்.

மழைநேசி:
ரொம்ப நன்றி! அப்பாவும் அம்மாவும் ஒரே வங்கிக் கார்டைத் தட்டலாமா? இன்னொன்று, ஒரு நாள் போனிலும் மறுநாள் கார்டிலும் தட்டினால் ஒரே கணக்கில் சேருமா?

தண்டவாளம்:
இரண்டுமே கூடாது. ஆளுக்கொரு கார்டு வேண்டும். அதே கார்டைப் போனில் ஏற்றியிருந்தாலும் போனில் தட்டுவது தனிக் கணக்கு, பிளாஸ்டிக்கில் தட்டுவது தனிக் கணக்கு. மாற்றி மாற்றித் தட்டினால் உச்சவரம்பு எட்டவே எட்டாது. இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தட்டிச் செலுத்தும் வசதியையும் கிளம்பும் முன்பே இயக்கி வையுங்கள், ஒவ்வொரு நாள் கழிவுக்கும் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் எவ்வளவு பிடிக்கும் என்றும் கேளுங்கள். அது அதிகம் என்றால் பெரியவர்களுக்கும் ஆய்ஸ்டரே நல்லது.

சிவப்புப்பஸ்:
பெரியவர்களோடு போவதால் பஸ்ஸை மறந்துவிடாதீர்கள், டியூபை விட மலிவு, ஊரையும் பார்க்கலாம். முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான், ஆனால் அதே கார்டைத்தான் தட்ட வேண்டும். 2014 முதல் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. ஏறும்போது மட்டும் தட்டுங்கள். டியூபில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தட்ட வேண்டும், கேட் திறந்தே கிடந்தாலும் தட்டுங்கள், இல்லையென்றால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடுவார்கள்.

ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் லைனில் வைட்சேப்பல் வந்து டிஸ்ட்ரிக்ட் லைன் மாறினால் சீக்கிரம் வரலாம், லிஃப்ட் வசதியும் உண்டு, கட்டணம்தான் கூடுதல். செலவு குறைய வேண்டும் என்றால் பிக்கடில்லி லைன் பிடித்து பேரன்ஸ் கோர்ட்டில் இறங்கி, அதே நடைமேடையின் எதிர்ப்பக்கம் வரும் கிழக்கு நோக்கிய டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் ஏறுங்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டாம். ரயிலின் முகப்பில் அப்மின்ஸ்டர் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏறுங்கள், அது ஈஸ்ட் ஹாம் வழியாகத்தான் போகும்.