சாதனக் கோப்பா, கருவிக் கோப்பா, வாயிலா? ஒரு கலைச்சொல் விவாதம்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அன்புள்ள குழுவினருக்கு,

லினக்ஸ் இயங்குதளத்துக்கான பயனர் கையேடு ஒன்றைப் பலர் பகிர்ந்துகொண்டு தமிழாக்கி வருகிறோம். கணினி தொடங்கும்போது எழும் சிக்கல்களைப் பற்றிய இயல் என் பங்காக வந்தது; வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஒப்படைக்க வேண்டும். வட்டு முதலிய சாதனங்களை நிரல்கள் அணுக உதவும் கோப்பைக் குறிக்கும் 'டிவைஸ் ஃபைல்' என்னும் சொல் அதில் 41 இடங்களில் வருகிறது. நான் 'சாதனக் கோப்பு' என்று எழுதியிருக்கிறேன். நிறுவலைப் பற்றிய இயலை எழுதியவர் 'கருவிக் கோப்பு' என்றும், வட்டுகளைப் பற்றிய இயலை எழுதியவர் 'சாதனக் கணு' என்றும் எழுதியிருக்கிறார்கள். மூன்றும் ஒரே பொருள் என்பது படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

என்னை மிகவும் உறுத்துவது ஓர் எச்சரிக்கைத் தொடர். இன்ன சாதனக் கோப்பு இல்லை என்று கணினி தொடக்கத்திலேயே முறையிடும். அதனை 'சாதனக் கோப்பு காணவில்லை' என்று பெயர்த்தேன். படித்துப் பார்த்தால் காணாமற்போனவர் பற்றிய அறிவிப்பைப் போல இருக்கிறது. ஒரு சொல்லைத் தேர்ந்து கொடுத்தால் நன்றியுடையவனாவேன்.

மடல் 2: இலக்கண ஆசிரியர்

அன்புள்ள தம்பிக்கு,

'சாதனம்' வடசொல். வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தொடு புணர்ந்த வடசொல்லைத் தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டார் என்பதால் அதனை இலக்கணத்தின் பெயரால் விலக்க நான் முயலவில்லை; இச்சொல்லில் நீக்குவதற்கு வடவெழுத்தும் இல்லை. ஆனால் கையில் 'கருவி' இருக்கும்போது சாதனத்தைத் தேடிப் போவானேன்? 'அருவினை யென்ப உளவோ கருவியான் காலம் அறிந்து செயின்' என்ற குறளை அறியாதவர் இக்குழுவில் இருக்கமாட்டார். சொல்லின் வரலாறு அதனினும் சுவையானது. 'கருவி தொகுதி' என்பது தொல்காப்பிய உரியியல் நூற்பா. சங்கப் பாடல்களில் 'கருவி வானம்' என்று வருமிடத்தில் இடி, மின்னல் முதலியவற்றின் தொகுதியையுடைய முகில் என்றே உரையாசிரியர்கள் பொருள் கண்டனர். கணினியோடு இணைந்த விசைப்பலகை, வட்டு, அச்சுப்பொறி அனைத்தையும் ஒருங்கே சுட்ட இதனினும் பொருத்தமான சொல் எது?

'கோப்பு' என்பதிலும் ஐயம் வேண்டாம். கோத்தல் என்னும் தொழிலடியாகப் பிறந்த பெயர் அது. கோர்த்தல் என்று எழுதுவது பிழை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் 'ஃபைல்' என்ற சொல்லும் நூல், இழை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. தாள்களைக் கயிற்றில் கோத்து வைத்த காலத்தின் நினைவு இரண்டு மொழிகளிலும் தங்கியிருக்கிறது.

எழுதும்போது வல்லொற்று மிகவேண்டும். 'கருவி கோப்பு' என்று ஒற்றில்லாமல் எழுதினால் கருவியும் கோப்பும் என்று உம்மைத்தொகையாகிவிடும்.

மடல் 3: கணினி நிர்வாகி

புலவர் ஐயாவுக்கு வணக்கம்.

கருவி வானம் வரைக்கும் போய்விட்டீர்கள். சிறிது தரைக்கு வருவோம். வட்டினைத் தொகுதி தொகுதியாகப் படிக்கும் வகையை ஆங்கிலத்தில் 'பிளாக் டிவைஸ்' என்பார்கள். அதனைத் 'தொகுதிக் கருவி' என்று பெயர்த்தால், உங்கள் நூற்பாவின்படி தொகுதித் தொகுதி என்றல்லவா ஆகிறது?

சொல்லைத் தேர்வதற்கு முன் பொருளைப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. இக்கோப்புகள் இருக்கும் 'டெவ்' என்னும் அடைவுக்குள் (கோப்புறைக்குள்) சென்று முதல் வட்டின் பெயரை விரிவாகப் பட்டியலிட்டுப் பாருங்கள். சாதாரணக் கோப்பாக இருந்தால், அதன் அளவு இத்தனை பைட்டு என்று ஒரு எண் தெரியும். இங்கே அந்த இடத்தில் '8, 0' என்று இரண்டு எண்கள் நிற்கும். முதலாவது பெரு எண். எந்த இயக்கியிடம், அதாவது சாதனத்தை இயக்கும் எந்த நிரலிடம், போகவேண்டும் என்பதை அது சொல்கிறது. இரண்டாவது சிறு எண். அந்த இயக்கி பார்த்துக்கொள்பவற்றுள் எது என்பதைச் சொல்கிறது. வரியின் முதல் எழுத்து 'பி' என்றிருந்தால் தொகுதி வகை, 'சி' என்றிருந்தால் எழுத்தெழுத்தாகப் படிக்கும் எழுத்து வகை. இவற்றோடு உரிமையாளரும் அனுமதிகளும் தவிர அதற்குள் எதுவும் இல்லை. கோத்து வைத்த தாள் ஒன்றுகூட இல்லாத கோப்பு அது. யூனிக்ஸை உருவாக்கியவர்கள் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் சாதாரணக் கோப்பு, அடைவு, சிறப்புக் கோப்பு என்று மூவகையாகப் பிரித்தபோது இதனைத்தான் சிறப்புக் கோப்பு என்றார்கள். திறத்தல், படித்தல், எழுதுதல், மூடுதல் என்னும் அதே நான்கு வினைகளால் இதனையும் கையாளலாம் என்பதனால்தான் 'கோப்பு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்தது 'காணவில்லை' என்பது. முற்காலத்தில் இக்கோப்புகள் வட்டிலேயே நிலையாக இருந்தன. கணினியில் இருக்கிற வட்டு, இல்லாத வட்டு எல்லாவற்றுக்கும் நூற்றுக்கணக்கில் முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள். அப்போது ஒரு கோப்பு இல்லையென்றால் யாரோ அழித்துவிட்டார்கள் என்று பொருள். 'எம்கேநாட்' கட்டளையால் மீண்டும் செய்துவிடலாம். 2003 வாக்கில் இக்கோப்புகளை நிர்வகிக்கும் யூடெவ் என்னும் நிரல் வந்தது. 2009 இறுதியில் வெளியான 2.6.32 கர்னலில் (லினக்ஸின் மைய நிரலில்) டெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்னும் நினைவகக் கோப்பு முறைமை சேர்ந்தது. அதன்பிறகு, தான் அடையாளம் கண்ட சாதனத்துக்கு மட்டும் கர்னலே நினைவகத்தில் இக்கோப்பினைத் தோற்றுவிக்கிறது; அனுமதிகளையும் மாற்றுப் பெயர்களையும் யூடெவ் பார்த்துக்கொள்கிறது. ஆகவே இன்று கோப்பு இல்லை என்றால் அதனை எவரும் அழிக்கவில்லை. கர்னல் அந்தச் சாதனத்தை இன்னும் காணவில்லை, அல்லது நாம் கொடுத்த பெயர் தவறு. எச்சரிக்கைத் தொடர் பழையதாகவே இருக்க, அதன் பொருள் மட்டும் மாறிவிட்டது. உங்கள் மொழிபெயர்ப்பு பழைய பொருளைச் சொல்கிறது.

மடல் 4: விரிவுரையாளர்

இதற்கு என் வகுப்பிலேயே சான்று உண்டு. ஒரு மாணவியின் கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் 90 நொடிகள் அசையாமல் நின்றது. நீளமான அடையாள எண்ணுடன் ஒரு பெயரைக் காட்டி, அந்தச் சாதனத்துக்காகக் காத்திருந்து கைவிட்டதாக ஒரு வரி வரும். பிறகு கணினி ஒழுங்காகவே தொடங்கிவிடும். நான் கொடுத்திருந்த தமிழ்க் குறிப்பில் அவ்வரிக்கு நேராக 'சாதனக் கோப்பு காணவில்லை' என்று எழுதியிருந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? காணாத கோப்பைத் தாமே உண்டாக்கிவிட்டார். நிர்வாகி உரிமையுடன் அந்த அடைவுக்குள் சென்று, 'டச்' கட்டளையால் அதே நீளமான பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் தோற்றுவித்து, எண்களை இருமுறை சரிபார்த்து, கணினியை மறுபடியும் தொடக்கினார். அதே 90 நொடிகள். உள்ளே சென்று பார்த்தால் அவர் செய்துவைத்த கோப்பையும் காணோம். அந்த அடைவு நினைவகத்தில் இருப்பது என்பதும், ஒவ்வொரு தொடக்கத்திலும் புதிதாக எழுவது என்பதும் குறிப்பில் இல்லை. இரண்டு நாள்கள் கழித்து, கணினியில் பேய் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தார்.

உண்மைக் காரணம் வேறு. அதே வட்டில் இன்னொரு லினக்ஸை நிறுவியபோது இடமாற்றுப் பகிர்வு (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) புதிதாக வடிவமைக்கப்பட்டு, அதன் அடையாள எண் மாறிவிட்டது. தொடக்கத்தில் எந்தெந்தப் பகிர்வுகளை இணைக்கவேண்டும் என்று பட்டியலிடும், பழைய லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்போ முந்தைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது. 'பிளாக்-ஐடி' கட்டளை காட்டிய எண்ணையும் எஃப்எஸ்டேப்பில் இருந்த எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தாளில் எழுதச் சொன்னேன். நான்காவது எழுத்திலேயே வேறுபாடு தெரிந்துவிட்டது. வரியைத் திருத்தியதும் காத்திருப்பு போயிற்று. எப்போதும் செருகியிராத வெளிவட்டாக இருந்திருந்தால், அவ்வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்தாலே தொடக்கம் தடைபடாது.

ஆகவே சாதனமா கருவியா என்பதைவிட 'காணவில்லை' என்பதையே நான் அஞ்சுகிறேன். 'சாதனம் தென்படவில்லை' என்று எழுதியிருந்தால் அவர் சாதனத்தைத் தேடியிருப்பார், கோப்பைச் செய்திருக்கமாட்டார். பெயரைப் பொறுத்தவரை என் ஓட்டு சாதனத்துக்கே. உள்ளீட்டுச் சாதனம், வெளியீட்டுச் சாதனம் என்று படித்து வந்தவர்களுக்கு அது பழகிய சொல்; 'கருவி' என்றால் கருவிப்பட்டை நினைவுக்கு வந்து, ஏதோ ஒரு பயன்பாட்டு நிரல் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மடல் 5: ஈழத்து உறுப்பினர்

இடையில் ஒரு சிறு வேண்டுகோள். கையேட்டின் தலைப்பில் 'துவக்கச் சிக்கல்கள்' என்று இருப்பதைப் பார்த்தேன். எங்கள் வழக்கில் துவக்கு என்றால் துப்பாக்கி. 'தொடக்கம்' என்றே இருக்கட்டும்.

மடல் 6: இலக்கண ஆசிரியர்

விரிவுரையாளர் அம்மையார் சொன்ன நிகழ்ச்சியை இருமுறை படித்தேன். கருவி பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆயினும் பிழை அங்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே ஒன்றுமில்லாத ஒன்றைக் கோப்பு என்று அழைப்பதுதான் பிழை. நிர்வாகி விளக்கியதைக் கேட்டபின் எனக்குத் தோன்றிய சொல் 'வாயில்'.

இல்வாய் என்பது முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று என்பதும், அதற்கு இலக்கணப்போலி என்று பெயர் என்பதும் பள்ளிப் பாடம். அகத்திணையில் வாயில் என்றால் கதவு மட்டுமன்று. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் என்று தொடங்கிக் கண்டோர் ஈறாகப் பன்னிருவரைத் தொல்காப்பியத்தின் கற்பியல் வாயில்கள் என்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் அவர்கள். பாணனிடம் ஏதும் இல்லை. அவன் வழியாகவே எல்லாம் செல்கிறது. நிரலுக்கும் வட்டுக்கும் இடையே நின்று, தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாமல் சொல்லைக் கடத்துகிற இப்பொருளுக்கு வேறு பெயர் தேடவேண்டுமா? அனுமதி மறுக்கப்பட்டால் அது 'வாயில் மறுத்தல்'; கிடைத்தால் 'வாயில் நேர்தல்'. துறைப்பெயர்கள்கூட ஆயத்தமாக இருக்கின்றன. 'கருவிவாயில் தோன்றவில்லை' என்று எழுதிப் பாருங்கள். எந்த மாணவியும் வாயிலைத் தாமே செய்ய முற்படமாட்டார்.

மடல் 7: கணினி நிர்வாகி

ஐயா, இதைவிட அழகான சொல்லை இவ்விழையில் எவரும் தரப்போவதில்லை. 'வாயில் மறுத்தல்' என்பதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். இருந்தாலும் எனக்கு மூன்று தடைகள் தெரிகின்றன. வலையமைப்பில் 'கேட்வே' என்பதற்கு நுழைவாயில் என்பது வழக்காகிவிட்டது. ஒரே கையேட்டில் இரண்டு வாயில்கள் குழப்பும். 'வாயில் பிழை' என்று எழுதினால் வாய்க்குள் பிழை என்றும் படிக்கலாம். மூன்றாவதாக, லினக்ஸ் படிக்கிறவர் 'எல்லாம் கோப்பே' என்னும் கொள்கையை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார். இங்கே மட்டும் கோப்பு என்ற பெயரை எடுத்துவிட்டால் அந்தக் கொள்கை விளங்காமற்போய்விடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பின்னால் எந்த வன்பொருளும் இல்லாத சாதனக் கோப்புகளும் உண்டு. எழுதுவதையெல்லாம் விழுங்கிவிடும் 'நல்' அப்படிப்பட்டது. அதன் எண்கள் 1, 3. அதற்குச் சாதனம் என்பதும் பொருந்தாது, கருவி என்பதும் பொருந்தாது. எந்தப் பெயர் வைத்தாலும் ஓரிடத்தில் இடிக்கத்தான் செய்யும்.

மேலும், இந்த எச்சரிக்கை தமிழில் எந்தத் திரையில் தோன்றப்போகிறது? தொடக்கத்தில் வரும் எழுத்துமுனையத்தின் எழுத்துருவில் அதிகம் போனால் 512 வடிவங்களுக்குத்தான் இடம். தமிழின் கொம்பையும் காலையும் முன்பின்னாகச் சேர்த்துக் காட்டவும் அதற்குத் தெரியாது. கர்னலின் செய்திகள் மொழிபெயர்க்கப்படுவதும் இல்லை. நாம் தேர்கிற சொல் கையேட்டுக்கு மட்டுமே. திரையில் ஆங்கில வரியைப் பார்த்துவிட்டு இங்கே விளக்கம் தேடுகிறவருக்காக எழுதுகிறோம் என்பதை மறக்கவேண்டாம்.

மடல் 8: மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து எண்ணினேன்: சாதனக் கோப்புக்கு ஐவர், கருவிக் கோப்புக்கு ஒருவர், வாயிலுக்குப் புலவர் ஐயா. கணுவை அதனை எழுதியவரே கைவிட்டார். கரும்பின் கணுவையும் கணுக்காலையும் தவிர வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை என்று அவருடைய தந்தையார் சொன்னாராம்.

ஆகவே 'சாதனக் கோப்பு' என்றே கொடுக்கிறேன். இயலின் முதற்பக்கத்தில் 'இது தரவு எதனையும் தாங்காத கோப்பு. சாதனத்தை அடைவதற்கான வாயில் மட்டுமே' என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்கிறேன். 'காணவில்லை' என்பதை 41 இடங்களில் எங்கு வந்தாலும் நீக்கிவிட்டேன். எச்சரிக்கைக்கான விளக்கம் இனி இவ்வாறு தொடங்கும்: 'குறித்த நேரத்துக்குள் இச்சாதனம் தென்படவில்லை, அதனால் அதற்குரிய சாதனக் கோப்பு உருவாகவில்லை. கோப்பினை நீங்களே உருவாக்க முயலவேண்டாம். முதலில் வட்டின் இணைப்பையும், பின்னர் எஃப்எஸ்டேப்பில் உள்ள அடையாள எண்ணையும் சரிபார்க்கவும்.' தலைப்பில் துவக்கமும் தொடக்கமாகிவிட்டது. வரைவினை இணைத்துள்ளேன்.

மடல் 9: இலக்கண ஆசிரியர்

தம்பிக்கு, பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. வாயிலை ஒரு வாக்கியத்துக்குள்ளாவது நுழையவிட்டீர்கள், மகிழ்ச்சி. அடுத்த பதிப்பின்போது மறுபடியும் கேட்பேன்.

வரைவில் மூன்றாம் பக்கம், ஏழாம் வரி: 'சாதன கோப்பு' என்று இருக்கிறது. மகர ஈறு கெட்டபின் வல்லொற்று மிகவேண்டும். அந்த ஒற்று உண்மையிலேயே காணவில்லை. அதனை நீங்களே உருவாக்கலாம்.