சோக் மாற்றிய பிறகு டியூப்லைட் பற்றவில்லை, உதவுங்கள்

திருமங்கலம் டெய்லர்:
தையல் கடை வைத்திருக்கிறேன். கட்டிங் மேசைக்கு மேலே நாலடி டியூப்லைட், 40 வாட்ஸ். டியூபுக்குப் போகிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற பழைய காப்பர் சோக் சூடாகி, உள்ளே இருந்த தார் உருகி, டியூப் மாட்டுகிற பட்டியில் வழிந்துவிட்டது. எலக்ட்ரானிக் சோக் வாங்கி அதே இடத்தில் மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டால் இரண்டு ஓரமும் ஆரஞ்சாகக் கனன்று நிற்கிறது; பற்ற மாட்டேன் என்கிறது. டியூப், ஸ்டார்ட்டர் இரண்டும் புதுசு. தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது. கறுப்பு நூலும் கருநீல நூலும் எனக்கு ஒன்றாகத் தெரிகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

உசிலம்பட்டிக்காரன்:
லோ வோல்டேஜாக இருக்கும். சாயந்திரம் எங்கள் பக்கமும் இப்படித்தான். பகலில் போட்டுப் பாருங்கள்.

செல்லூர் ஒயர்மேன்:
வோல்டேஜ் குறைந்தால் தடுமாறுவது காப்பர் சோக்தான். எலக்ட்ரானிக் சோக் அதை ஓரளவு தாங்கும். அண்ணே, "ஸ்டார்ட்டர் புதுசு" என்கிறீர்களே, அது ஏன் இன்னும் பட்டியில் இருக்கிறது? எலக்ட்ரானிக் சோக்குக்கு ஸ்டார்ட்டரே கிடையாது. குறுக்கே அது இருந்தால், டியூபைப் பற்றவைக்க வேண்டிய வோல்டேஜ் அதன் வழியாகவே போய்விடும். ஓரம் மட்டும் சிவக்கும்.

மெயினை ஆஃப் செய்துவிட்டு ஸ்டார்ட்டரையும் அதற்குப் போகிற இரண்டு ஒயரையும் கழற்றி எடுங்கள். பழைய ஒயரிங்கில் சோக், கரண்ட் வருகிற பேஸ் லைனில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். புதுசில் அப்படி இல்லை. சோக்கின் ஒரு பக்கம் இரண்டு ஒயர், பேஸும், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலும் அதற்கு. மறுபக்கம் நாலு ஒயர்: இந்த ஹோல்டருக்கு ஒரு ஜோடி, அந்த ஹோல்டருக்கு ஒரு ஜோடி. சோக்கின் மேலேயே படம் போட்டிருக்கும், அதைப் பார்த்து ஜோடி மாறாமல் கொடுங்கள்.

திருமங்கலம் டெய்லர்:
எரிகிறது தம்பி! பட்டென்று பற்றுகிறது, உறுமல் சத்தமும் இல்லை. ஆனால் ஒன்று: சுவிட்சை அணைத்த பிறகும் இருட்டில் அவ்வப்போது லேசாக மினுக்குகிறது. சோக்கில் கோளாறா?

செல்லூர் ஒயர்மேன்:
சோக் நன்றாகத்தான் இருக்கிறது. சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் எரிகிறதா? அதன் வழியாகக் கசிகிற கொஞ்சம் கரண்டே சோக்கின் கபாசிட்டரை நிரப்பி மினுக்க வைக்கும், அதனால் ஆபத்தில்லை. இண்டிகேட்டர் இல்லையென்றால், பேஸில் இருக்க வேண்டிய சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம். அணைத்துவிட்டு, சோக்குக்கு வருகிற ஒயரில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் அதுதான். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பட்டியில் பேஸ் நிற்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யும் வரை மெயினை அணைக்காமல் டியூபில் கை வைக்காதீர்கள்.

திருமங்கலம் டெய்லர்:
இண்டிகேட்டர் இல்லை. டெஸ்டர் பளிச்சென்று எரிகிறது.

செல்லூர் ஒயர்மேன்:
அப்போது சுவிட்ச் போர்டில் பேஸை மாற்றிக் கொடுக்க வேண்டும். பழக்கம் இல்லையென்றால் பக்கத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பத்து நிமிட வேலை. காப்பர் சோக்கில் வெளிச்சம் நொடிக்கு 100 முறை துடிப்பதால், ஓடுகிற மெஷின் சக்கரம் சில நேரம் நிற்கிற மாதிரி தெரியும். இனி அந்த ஏமாற்று இருக்காது, கண்ணும் வலிக்காது.

உசிலம்பட்டிக்காரன்:
பழைய சோக்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள் அண்ணே. உள்ளே செம்புக் கம்பி இருந்தால் பழைய இரும்புக் கடையில் டீச் செலவுக்காவது தேறும்.