கொட்டியாரக் குடாவில் கொடுவா குறைவதற்குக் காரணம் அணையா, வலையா?

மூதூரான்:
போன மாரியில் மகாவலி முகத்துவாரத்தில் மூன்று கிழமை வலை வீசினேன். விரலளவு கொடுவாக் குஞ்சு கண்ணிலேயே படவில்லை. வெள்ளம் வடிகிற நேரம் கண்டலுக்குள் கால் வைத்தாலே குஞ்சுகள் சிதறி ஓடும் என்று அப்பா சொல்வார். மேலே கட்டிய அணைகள்தான் காரணம் என்பேன். பொல்கொல்ல 1976, விக்டோரியா 1985, ரந்தெனிகல 1986. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி எங்களிடம்தான் கடலில் சேர்கிறது. அந்த வெள்ளம் எப்போது வரும் என்பது இப்போது மலையில் இருக்கும் கதவுகளின் கையில்.

வெருகல்வயல்:
அண்ணை, கொடுவா என்ன கண்டிக்கா ஏறுகிறது? அணைகள் எங்கேயோ, அது வளரும் இடம் எங்கேயோ. முகத்துவாரத்தைக் குறுக்கே மறிக்கும் தங்கூசி வலையை, அந்த ஒற்றை நைலான் இழை வலையைப் பற்றி ஏன் பேசவில்லை? கொடுவா முதலில் ஆணாக முதிரும், சில வருடம் கழித்தே பெண்ணாக மாறும். அப்படியென்றால் பெரிய மீன்களில் அனேகம் தாய் மீன். முட்டையிட உப்புத் தண்ணீர் தேடி முகத்துவாரத்துக்கு வருகிற நேரம் பார்த்து அதையே பிடிக்கிறோம். அணைத் தண்ணீரை நம்பித்தான் நாங்கள் கோடையில் சிறுபோக நெல் செய்கிறோம், அதையும் மறக்க வேண்டாம்.

மூதூரான்:
தாய் மீன் கதை சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அணை மீனை மறிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அது தண்ணீரின் நேரத்தை மாற்றுகிறது. மாரி வெள்ளம் கரை மீறினால்தான் மனம்பிட்டிக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிற வில்லுகள், அதாவது வெள்ளம் தேங்கும் பள்ளக் குளங்கள், நிரம்பும். குஞ்சுக்கு இரையும் ஒளிவிடமும் அங்கேதான். நன்னீர் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனால்தான் குஞ்சு ஆற்றின் வாசனை பிடித்து உள்ளே வரும். வெள்ளத்தைத் தேக்கி, மாதம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கணக்கில் தண்ணீர் அதேதான். மீனுக்கு அது வேறு ஆறு.

கிண்ணியா ரீச்சர்:
விலாங்கையும் சேர்த்துப் பாருங்கள். அது கொடுவாவை விடத் தூரம் போகும். ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்றுக்குள் நுழைந்து, பல வருடம் நன்னீரில் வளரும். பிறகு முட்டையிடக் கடலுக்கே திரும்பி, அங்கேயே இறந்துவிடும். குட்டி விலாங்கு ஈரப் பாறையில்கூட ஊர்ந்து ஏறும், ஆனால் விக்டோரியாவின் 122 மீற்றர் சுவரில் என்ன செய்யும்? எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தாலும், இறங்கும்போது மின்நிலையச் சுழலிகள் இருக்கின்றன. நிலவில்லாத இருட்டில், வெள்ளத்தோடுதான் அது பெரும்பாலும் இறங்கும். அந்த வெள்ளத்தைத்தான் நாம் பிடித்து வைக்கிறோம்.

வெருகல்வயல்:
ரீச்சர், ஐப்பசி கார்த்திகையில் மேலே கதவைத் திறந்தால் விதைத்த வயல் மூழ்கும். பயிர் வேர் பிடித்த பிறகு ஒருமுறை வெள்ளம் விடட்டும், அதற்கு நான் எதிர்ப்பில்லை. ஆனால் அந்த இரண்டு கிழமையும் முகத்துவாரத்தில் ஒரு வலையும் இருக்கக்கூடாது. தண்ணீர் விட்டு உள்ளே வரச்சொல்லி, வாசலில் நின்று பிடித்தால் என்ன பயன்?

மூதூரான்:
இரண்டு கிழமை தொழில் இல்லாமல் இருப்பது லேசான காரியம் இல்லை தம்பி. எங்களில் பலருக்கு அன்றன்று பிடிப்பதுதான் அன்றன்று சாப்பாடு. எந்த இரண்டு கிழமை என்று அமாவாசையோடு சேர்த்துச் சொல்லுங்கள், மீனவர் சங்கத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.