புதுப்பிப்பு: பர் ஊருக்குப் போய் வந்தோம்

அயர்லாந்தின் ஆஃபலி பக்கம் பிள்ளைகளோடு ஒரு நாள் எங்கே போகலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேனே, பர் என்ற சந்தை ஊரைச் சொன்னவர்களுக்கு நன்றி. கோட்டைத் தோட்டத்தில் ராஸ் பிரபு 1845இல் கட்டி முடித்த ராட்சதத் தொலைநோக்கி இருக்கிறது. இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே பீரங்கி போலப் படுத்திருக்கும் மரக்குழாய். அன்று அதிலிருந்த உலோக ஆடி 72 அங்குலம். விண்மீன் மண்டலம் ஒன்றின் சுருள் வடிவத்தை முதன்முதலில் கண்டது இதில்தான். சின்னவளுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. அங்கே பிள்ளைகள் ஏறி விளையாடும் மரவீட்டை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். அப்புறம் லாக் பூரா. பீட் (எரிக்கப் பயன்படும் மட்கிய சதுப்பு மண்) வெட்டித் தீர்ந்த சதுப்பு நிலம், இப்போது சைக்கிள் பாதையும் சிற்பங்களுமாக இருக்கிறது. மழைக்கோட்டை மறந்தது மட்டும் என் தப்பு.